சுவரைப் பிடிக்காம எந்திரிக்கணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சேன். குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பேன், அவ்வளவுதான். போன மாசம் தலைவி அக்கா, "உனக்கு இடுப்பு வலி வந்து சரியானதை நீயே சொல்லு. வெளியே இருந்து ஆள் வந்து சொன்னா நம்ம ஆளுக தூங்கிருவாவ"ன்னு சொன்னாங்க. அதனால்தான் வந்து நிற்கிறேன். தாளில் எழுதி வச்சிருக்கேன், பார்த்துப் பார்த்துதான் சொல்லுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆடித் தபசுக்குக் கொடியேறின சமயம். நம்ம கோமதியம்மன் ஒத்தைக்காலில் தவம் நிற்கிறப்ப, அந்தக் கால் வலியில் நாமும் ஒரு பங்கு வாங்கிக்கணும்னுதானே கோயிலில் ஆடிச்சுற்று சுத்துறோம்? எங்க அத்தை, அதாவது என் மாமியார், ஒரு வருஷமும் விட்டதில்லை. நானும் கல்யாணமான வருஷத்தில் இருந்து 101 சுற்று சுத்திருக்கேன். அந்த வருஷம் ஏழாவது சுற்றிலேயே முடியலை. தொடையில் பலமே இல்லை. பிரகாரத்தில் உட்கார்ந்தேன், எந்திரிக்க வரலை. தரையில் கையை ஊன்றி, அப்புறம் முழங்காலில் கையை ஊன்றி, அப்புறம் தூணைப் பிடிச்சு எந்திரிச்சேன். பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி, "என்னட்டி, எனக்கு எழுபது ஆகுது, நீ எனக்கு மேல கெழவியா இருக்கியே"ன்னு சிரிச்சாவ. எனக்கு அப்ப 34 வயசு.

வலி அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தொடங்கிருச்சு. முதுகு, இடுப்பு, விலா எலும்பு. விலாவைக் கையால் அமுக்கினாலே வலிக்கும். பீடி சுத்துறோம், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கோம், வலிக்கத்தானே செய்யும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். வலிக்கு ஊசி போட்டா நாலு நாள் நல்லாயிருக்கும், திரும்ப வந்துரும். மாசத்துக்கு ரெண்டு ஊசி, மாத்திரை, தைலம்னு 600 ரூபாய் போய்க்கிட்டிருந்துச்சு. கோயிலில் நடந்ததுக்கு அப்புறம்தான் பயம் வந்து எலும்பு டாக்டர்கிட்டப் போனேன். அவர் என்னைத் தரையில் உட்காரச் சொன்னார், எந்திரிக்கச் சொன்னார். ரத்தத்தில் வைட்டமின் டி பார்க்கச் சொன்னார். அந்தப் பரிசோதனைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆச்சு, மனசு வலிச்சுது. இருபதுக்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு எட்டு இருந்துச்சு.

"வெயிலுக்குப் பஞ்சமா உங்க ஊரில்?"னு டாக்டர் கேட்டார். நான் என்ன சொல்ல? சங்கரன்கோவில் வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனா என் நாளை எண்ணிப் பாருங்க. விடியுமுன்னே வாசல் தெளிச்சு, சமைச்சு, பிள்ளைகளை அனுப்பிட்டு, ஒன்பது மணிக்குச் சொளகை மடியில் வச்சு உட்கார்ந்தா, சாயங்காலம் பீடிக்கடைக்குப் போற வரைக்கும் வீட்டுக்குள்ளதான். முற்றத்தில் உட்கார்ந்து சுத்தலாமேன்னு பீடி சுத்தாதவங்க சொல்லுவாங்க. வெயிலில் வச்சா இலை காய்ஞ்சு நொறுங்கும், காத்துக்குத் தூள் பறக்கும். அது நடக்காது. தறிக்கூடத்தில் நிற்கிற நம்ம தங்கச்சிகளுக்கும் இதே கதைதான். நூறுநாள் வேலைக்கும் களையெடுக்கவும் போறவங்க மேல் வெயில் படுதுன்னு நினைப்போம். அவங்களும் கறுத்துருவோம்னு வீட்டுக்காரரோட முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றி மூடிக்கிடுறாங்க.

இப்ப எலும்புக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லுறேன். எனக்குப் புரிஞ்சது நம்ம குழுக் கணக்கை வச்சுத்தான்.

உடம்பில் இருக்கிற கால்சியத்தில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கு. மிச்சம் ஒரு பங்குதான் ரத்தத்திலும் மற்ற இடத்திலும். அந்த ஒரு பங்கு இல்லாம இதயம் துடிக்காது, தசை சுருங்காது, ரத்தம் உறையாது. அதனால் ரத்தத்தில் கொஞ்சம் குறைஞ்சாலும் உடம்பு பொறுத்துக்கிடாது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவில் நாலு சுரப்பி இருக்கு. அது உடனே எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துரும். எலும்புதான் சேமிப்பு. நாம சந்தா கட்டாம உள்கடன் மட்டும் எடுத்துக்கிட்டே இருந்தா குழு என்ன ஆகும்? நம்ம குழுவில் அப்படி விட மாட்டோம். ஊக்குநர் வீட்டு வாசலில் வந்து நின்னுருவாவ. உடம்பில் கேட்க ஆள் இல்லை.

இந்தச் சேமிப்பு பிறந்ததில் இருந்து ஏறும். பெண்பிள்ளை பெரியவளாகிற வயசில் ரொம்ப வேகமாக ஏறும். முப்பது வயசு வாக்கில் உச்சம். அதுக்கு மேல் புதுசாகப் பெருசாகச் சேராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம். மாதவிலக்கு நின்ன பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறையுறதால முதல் சில வருஷம் மளமளன்னு இறங்கும். இங்கே ஒண்ணு சொல்லணும். நம்மில் நிறையப் பேர் நாற்பது வயசுக்குள்ளேயே கர்ப்பப்பையை எடுத்திருக்கோம். அப்ப சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டாங்களான்னு உங்க சீட்டைப் பாருங்க. எடுத்திருந்தா அன்றைக்கே எலும்பு இறங்கத் தொடங்கிரும். ஐம்பது வயசு வரைக்கும் காத்திருக்காம இப்பவே டாக்டர்கிட்டக் கேட்டுக்கிடுங்க.

வைட்டமின் டி எதுக்கு? சாப்பிடுற கால்சியத்தைக் குடலில் இருந்து உள்ளே ஏத்துறது அதுதான். அது போதுமான அளவு இருந்தா சாப்பிடுற கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் உடம்பில் சேரும். இல்லைன்னா பத்தில் ஒரு பங்கு சேர்றதே பெரிய பாடு. மிச்சம் வெளியே போயிரும். பணம் இருக்கு, பாஸ்புத்தகம் இல்லாததால் வங்கியில் கட்ட முடியலைங்கிற மாதிரி. தோலில் வெயில் படும்போது அந்த வைட்டமின் உருவாகி, கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ப் பக்குவமாகி வேலை செய்யுது. சாப்பாட்டில் கிடைக்கிறது கொஞ்சம்தான். மத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீன், முட்டை மஞ்சள் கரு. சத்துணவில் கொடுக்கிற முட்டையில் மஞ்சள் கருவைத் தூரப் போடாதீங்கன்னு பிள்ளைகளிடம் சொல்லுங்க.

இதைக் கண்டுபிடிச்ச கதையைப் பயிற்சிக்கு வந்த டாக்டரம்மா சொன்னாங்க. முதல் உலகப் போர் முடிஞ்ச சமயம், வியன்னா நகரத்தில் பிள்ளைகளுக்குக் கால் வளைஞ்சு எலும்பு மெலிஞ்சு கிடந்துச்சு. ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி இங்கிலாந்தில் இருந்து அங்கே போனாங்க, கூடப் போனவங்களும் பெண்கள்தான். மீன் எண்ணெய் கொடுத்த பிள்ளைகளும் தேறுச்சு, வெயிலில் கிடத்தின பிள்ளைகளும் தேறுச்சு. எண்ணெயும் வெயிலும் ஒரே வேலையைச் செய்யுதுன்னு அப்பத்தான் விளங்கியிருக்கு.

அது வெயில் இல்லாத ஊர். நம்ம பக்கம் எப்படி? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காரங்க மாதவிலக்கு நின்ன 150 பெண்களைப் பரிசோதிச்சு 2008-இல் வெளியிட்டாங்க. நடமாடிக்கிட்டு, வீட்டு வேலை பார்த்துக்கிட்டு இருந்தவங்கதான். அதில் பாதிப் பேருக்கு எலும்பு மெலிவு நோய். பாதிக்கு மேல் வைட்டமின் டி குறைவு. திருப்பதி டாக்டர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் தென்னிந்தியச் சாப்பாட்டில் கால்சியம் குறைவு, வைட்டமின் டி குறைவுன்னுதான் வந்துச்சு. படிச்சப்ப எனக்கு ஒருவிதத்தில் ஆறுதல், ஒருவிதத்தில் திக்குனு இருந்துச்சு.

எங்க அத்தை கதையைச் சொல்லிருதேன். அத்தை நல்ல உயரம். நான் கல்யாணமாகி வந்தப்ப பரண் மேல் இருக்கிற பானையை முக்காலி இல்லாம எடுப்பாவ. கொஞ்சம் கொஞ்சமாகக் கூன் விழுந்துச்சு. வயசானா அப்படித்தான்னு நினைச்சோம். முதுகெலும்பு ஒன்றொன்றாக நசுங்கி வந்திருக்குன்னு தெரியலை. நாலு வருஷத்துக்கு முன்னாடி குழாயடியில் வழுக்கினாவ. பெரிய விழுகைகூட இல்லை, உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தாவ. இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு உடைஞ்சுருச்சு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நல்லபடியா நடந்துச்சு. ஆனாலும் கூட இருந்தவங்களுக்குச் சாப்பாடு, பஸ், வேலை போன நாள்னு கணக்குப் பார்த்தா 15,000 ரூபாய் குழுவில் கடன் வாங்கினேன். அத்தை இப்ப வாக்கர் வச்சு நடக்காவ. ஆடிச்சுற்றுக்குப் போக முடியலைங்கிறதைத்தான் இன்னமும் சொல்லிச் சொல்லி அழுவாவ, கால் போனதைக்கூடச் சொல்ல மாட்டாவ.

எனக்கு வலி வந்தப்ப நான் அத்தையைத்தான் பார்த்தேன். அப்புறம் ஒன்பதாவது படிக்கிற என் மகளைப் பார்த்தேன்.

டாக்டர் எனக்கு வாரம் ஒரு பாக்கெட், 60,000 யூனிட் வைட்டமின் டி தூள், எட்டு வாரத்துக்குக் கொடுத்தார். கூடவே கால்சியம் மாத்திரை. தூளைச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாலில் கலந்து குடிக்கணும். எங்க தெருவில் ஒரு மதினி, வாரம் ஒண்ணுன்னு சொன்னதை நாளைக்கு ஒண்ணுன்னு நினைச்சு சாப்பிட்டு, வாந்தியும் மலச்சிக்கலுமாக் கிடந்தாவ. இது உடம்பில் தங்குற வைட்டமின். அதிகமானா ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்த பாக்கெட்டை நீங்க வாங்கிச் சாப்பிடக்கூடாது.

ரெண்டு மாசத்தில் விலா வலி போச்சு. தொடையில் பலம் வர நாலு மாசம் ஆச்சு. வலி போனதும் மாத்திரையும் நிற்கும், அப்புறம் சாப்பாடுதான் பார்த்துக்கணும்னு டாக்டர் சொன்னதால், ஒரு நாள் உட்கார்ந்து எங்க வீட்டுச் சாப்பாட்டைக் கணக்கெழுதினேன். குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான்.

ஐ.சி.எம்.ஆர். 2020-இல் சொன்ன அளவு, நம்மை மாதிரிப் பெரியவங்களுக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம். மாதவிலக்கு நின்னவங்களுக்கும் பால் கொடுக்கிறவங்களுக்கும் 1,200. நான் சாப்பிட்டது காலையில் டீ, இட்லி, மத்தியானம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், சாயங்காலம் டீ, ராத்திரி மிஞ்சின சோறு. அரிசி 100 கிராமில் 10 மில்லிகிராம் அளவுதான் கால்சியம். எப்படிக் கூட்டினாலும் 300-ஐத் தொடலை.

இதில் வெட்கக்கேடு என்னன்னா, எங்க வீட்டில் மாடு நிற்குது. நம்ம கூட்டமைப்பு மூலமாக் கறவை மாட்டுக் கடன் வாங்கின மாடுதான். பால் முழுசும் சொசைட்டிக்கு ஊத்திருவோம், லிட்டர் 35 ரூபாய்க்கு. வீட்டு டீக்குக் கடையில் அரை லிட்டர் பாக்கெட் 22 ரூபாய்க்கு வாங்குவோம். சிரிக்காதீங்க, இங்கே மாடு வச்சிருக்கிற எத்தனை பேர் இதைச் செய்றீங்கன்னு எனக்குத் தெரியும்.

நாளைக்கு ஒரு லிட்டரை வீட்டுக்கு நிறுத்துவோம்னு சொன்னேன். வீட்டுக்காரர், "மாசம் 1,050 ரூபாய் குறையும், தவணையை யார் கட்டுவா?"ன்னு கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், தவணை தவறினா குழுவில் என் முகம்தான் தொங்கும். நோட்டை எடுத்துக் காட்டினேன். பாக்கெட் பால் நின்னா 660 ரூபாய் மிச்சம். அப்ப உண்மையான குறைவு 390. வலி ஊசிக்கும் தைலத்துக்கும் போன 600 ரூபாய் நின்னுருச்சு. அவர் பதில் சொல்லலை. மறுநாள் சொம்பில் ஒரு லிட்டர் தனியாக எடுத்து வச்சிட்டுத்தான் சொசைட்டிக்குப் போனார். ஒரு டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. பாலாக் குடிக்கலாம், தயிராகவோ மோராகவோ குடிக்கலாம்.

மாடு இல்லாதவங்களுக்கு கேப்பை இருக்கு. 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல். நம்ம ஆச்சிமார் ராத்திரியே கேப்பைக்கூழைக் கரைச்சுப் புளிக்க வச்சுத்தான் குடிப்பாவ. தானியத்தில் பைட்டேட்னு ஒண்ணு கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும், புளிக்க வச்சா, முளைகட்டினா அது குறையும். ஆச்சிக்கு அந்தப் பேர் தெரியாது, வேலை தெரிஞ்சிருக்கு. கறுப்பு எள்ளில் 100 கிராமுக்கு ஆயிரத்துக்கு மேலே இருக்கு, ரெண்டு ஸ்பூன் பொடியே 100 மில்லிகிராம் தரும். அகத்திக்கீரை, முருங்கைக்கீரை, கொள்ளு, முள்ளோட திங்கிற நெத்திலி. கருவாட்டில் உப்பு ஜாஸ்தி, பிரஷர் இருக்கிறவங்க பார்த்துக்கிடுங்க. கறிவேப்பிலையை இலை ஓரமா ஒதுக்குறதை நிறுத்திட்டுப் பொடி பண்ணிச் சாப்பிடுங்க.

எங்க குழுவில் இதைச் சொன்னப்ப ஒரு ஆச்சி மடக்கினாவ. "கால்சியம்னா சுண்ணாம்புச் சத்துதானே? நான் தினம் பத்து தடவ வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுதேன், எனக்கு ஏன் கூன் விழுந்துச்சு?" எல்லாரும் சிரிச்சோம், எனக்குப் பதில் வரலை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறது நிஜம்தான், ஆனா அதோட சேர்ற பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றைக் கொண்டு வரும், புகையிலை எலும்பையும் கெடுக்கும்னு சொன்னாங்க. ஆச்சியிடம் சொல்லிட்டேன். ஆச்சி இன்னமும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காவ.

வெயில் விஷயத்தில் ஒரு தப்பு எண்ணம். காலை இளவெயிலில்தான் வைட்டமின் கிடைக்கும்னு நினைக்கிறோம். ஆறு மணி, ஏழு மணி வெயிலில் அந்தக் கதிர் ரொம்பக் குறைவு. திருப்பதியில் பார்த்ததில் பதினோரு மணியில் இருந்து ரெண்டு மணி வரைக்கும்தான் நல்லா உருவாகுது. கடிகாரம் வேண்டாம், நம்ம நிழல் நம்மைவிடக் குட்டையா இருந்தா அது சரியான வெயில். கண்ணாடி ஜன்னல் வழியாக வர்ற வெயில் உதவாது. நம்ம மாதிரிக் கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேணும். மயக்கம் வர்ற அளவுக்கு நிற்கச் சொல்லலை. இருபது நிமிஷம், அரை மணி நேரம், கையும் முகமும் படும்படி, வாரத்தில் சில நாள். நான் துணி காயப்போடுறதையும் மாட்டுக்குப் புல் போடுறதையும் பதினோரு மணிக்கு மாத்திக்கிட்டேன். சொளகை இறக்கி வச்சா நூறு பீடி குறையுது. குறையட்டும்.

கர்ப்பமா இருக்கிற தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. நாலாவது மாசத்தில் இருந்து பிரசவமாகி ஆறு மாசம் வரைக்கும் கிராம சுகாதார செவிலியர் கால்சியம் மாத்திரை கொடுக்கிறாங்க. அதைக் குப்பையில் போடுறதை நான் கண்ணால் பார்த்திருக்கேன், நானும் மூத்தவளுக்கு உண்டானப்ப போட்டவள்தான். வயித்தில் இருக்கிற பிள்ளை தனக்கு வேண்டியதை எப்படியும் எடுத்துக்கும், உங்க எலும்பில் இருந்து எடுக்கும். அதை இரும்புச்சத்து மாத்திரையோட சேர்த்து முழுங்காதீங்க, ஒண்ணு இன்னொண்ணைச் சேர விடாது. ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க, கால்சியத்தைச் சாப்பாட்டோட போடுங்க. சிறுநீரகத்தில் கல் வந்தவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் மாத்திரை போடணும். அதுக்காகப் பாலையும் கேப்பையையும் யாரும் நிறுத்த வேண்டாம்.

நடையும் வேணும். எலும்பு மேல் பாரம் விழுந்தாத்தான் அது கெட்டிப்படும். சாயங்காலம் பீடிக்கடைக்கு வண்டியில் போகாம நடந்து போறேன்.

கடைசியா ஒரு கோரிக்கை. போன செயற்குழுவில் சொன்னப்ப சிலபேர் முகம் சுளிச்சீங்க, இங்கே எல்லார் முன்னாடியும் திரும்பச் சொல்லுறேன். இனிமே கறவை மாட்டுக் கடன் கொடுக்கும்போது தவணையைக் கணக்குப் போடுறோம் பாருங்க, அப்ப மொத்தப் பாலையும் வருமானமாப் போடாம ஒரு லிட்டரை வீட்டுக்குன்னு கழிச்சிட்டுப் போடணும். தவணை நாலு மாசம் கூடுதலா ஓடும், அவ்வளவுதான். "பாலைக் குடிச்சிட்டா கடன் எப்படி அடையும்"னு கேட்ட அக்காவுக்கு, என் நோட்டைக் கொண்டு வந்திருக்கேன், விழா முடிஞ்சதும் பாருங்க. நான் ஒரு தவணைகூடத் தவறலை.

இந்த வருஷம் ஆடிச்சுற்றுக்கு என் மகளும் நானும் சேர்ந்து போனோம். 101 முடிச்சோம். அத்தையை ஆட்டோவில் கூட்டிட்டுப் போய்ப் பிரகாரத்தில் உட்கார வச்சோம், நாங்க சுத்தச் சுத்த அத்தைதான் எண்ணிக்கிட்டிருந்தாவ. நடுவில் ரெண்டு சுற்றை விட்டுட்டு எண்ணினதாச் சண்டை வேற.

பின்னால் மேசையில் எங்க குழு செஞ்ச எள்ளுருண்டையும் கேப்பை அடையும் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க.